கொடை ரோட்டில் இறங்கிய பின் கொடைக்கானலுக்கு எப்படிச் செல்வது?

கொடைக்கானல் ரோடு (சுருக்கமாக, கொடை ரோடு) ரயில் நிலையம் வரை சீட்டு எடுத்திருக்கும் நீங்கள், அங்கிருந்து கொடைக்கானலில் உள்ள விடுதிக்கு நடந்து போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்க முடியாது; ஆனாலும் பயணச்சீட்டை ரத்து செய்ய வேண்டாம். கொடைக்கானல் ரோட்டில் இறங்கி, முதலில் வத்தலக்குண்டுக்குப் பேருந்து பிடித்து, அங்கே கொடைக்கானல் பேருந்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நடந்து போகலாமா என்று நீங்கள் கேட்டிருப்பதற்குக் காரணம், அநேகமாக, அந்த நிலையத்தின் பெயர்தான். அது அம்மையநாயக்கனூரில், சமவெளியில் இருக்கிறது. மலைமேல் உள்ள ஊர் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். முதல்முறை வருபவர்கள் பலரும் இதில் ஏமாந்துவிடுகிறார்கள்.

உங்கள் வண்டி அங்கே எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். விடியுமுன் வருமானால், மதுரை வரை சீட்டு எடுத்து, ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்தில் செல்வதே நல்லது; தூரம் கூடும் என்றாலும், முதுகுப்பையைச் சுமந்துகொண்டு இருட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. கொடை ரோடு வரை எடுத்த சீட்டிலேயே மதுரைக்குப் போய்விடாதீர்கள், அபராதம் விதிப்பார்கள்.

மலைப்பாதையில் வளைவுகள் அதிகம் என்பதால், குமட்டல் வரும் உடல்வாகு உள்ளவர்கள் முன் இருக்கையில் அமர்வது அவசியம். வழியில் வெள்ளி அருவி தென்பட்டால் ஊர் இன்னும் 8 கிலோமீட்டர்தான்.

கொடைக்கானலுக்குள் செல்ல இணையத்தில் பெறும் அனுமதியான இ-பாஸ், சொந்த வாகனத்திலோ வாடகைக் காரிலோ செல்பவர்களுக்கே. அரசுப் பேருந்துப் பயணிகளுக்குத் தேவையில்லை.