அப்கிரேட் பண்ணதுக்கப்புறம் கம்ப்யூட்டர் ஏந்திரிக்கலையா? ஃபார்மட் மட்டும் அடிச்சிடாதீங்க!

கேள்வி: சார், விண்டோஸ் 10-லேர்ந்து 11-க்கு அப்கிரேட் போட்டேன், 100 பர்சன்ட் வந்து ரீஸ்டார்ட் ஆச்சு, அதுக்கப்புறம் உள்ளயே போகமாட்டேங்குது. லோகோ வருது, 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்'னு வருது, திரும்ப முதல்லேர்ந்து அதே கதை. தெரிஞ்சவர் ஒருத்தர் ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்ங்கறார். இறந்துபோன எங்க அப்பாவோட போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு, வேற எங்கயும் காப்பி இல்ல.

பதில்: அவரை டிஸ்க்ல கை வைக்க விடாதீங்க. விண்டோஸ் கிளம்பலங்கறதுக்காக போட்டோ போயிடுச்சுன்னு அர்த்தமில்ல, பெரும்பாலும் அது அப்படியே பத்திரமா இருக்கும், அதனால ரிப்பேரை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல போட்டோவை வெளிய எடுங்க. அந்த ரிப்பேர் ஸ்கிரீன்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து நோட்பேட்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணுங்க, நோட்பேட் திறக்கும், அதுல ஃபைல், ஓப்பன் போய் கீழ 'ஆல் ஃபைல்ஸ்'னு மாத்தினீங்கன்னா உங்க டிரைவ் எல்லாம் தெரியும், அங்கேயே ரைட் கிளிக் பண்ணி காப்பி எடுத்து பென்டிரைவ்ல பேஸ்ட் பண்ணிடலாம். சி டிரைவ் அங்க டி-ன்னோ ஈ-ன்னோ காட்டலாம், பயப்படாதீங்க. டிஸ்க்கைப் பூட்டி வைக்கற விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க கீ கேட்டா, உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல வேற போன்லேர்ந்து லாகின் பண்ணிப் பாருங்க, அனேகமா அங்க சேவ் ஆயிருக்கும்.

போட்டோ கைக்கு வந்தாச்சா, இப்ப நிம்மதியா மத்ததைப் பாக்கலாம். பிரிண்டர், பென்டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாத்தையும் கழட்டிட்டு ஒருதடவை ஆன் பண்ணுங்க. அப்பவும் வரலன்னா அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' போய் 'லேட்டஸ்ட் ஃபீச்சர் அப்டேட்'டை எடுத்துவிடுங்க, பழைய விண்டோஸ் 10 திரும்பி வந்துடும். ஆனா பழைய விண்டோஸோட ஃபைல்களை சாதாரணமா 10 நாள்தான் வச்சிருக்கும், அதனால தள்ளிப்போடாதீங்க. அதுவும் முடியலன்னாதான் 'ரீசெட் திஸ் பிசி', அதுலயும் 'கீப் மை ஃபைல்ஸ்' மட்டும், புரோகிராம் எல்லாம் போயிடும், ஃபைல் இருக்கும்.

கேள்வி: விண்டோஸ் 11-க்கு செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் கிளம்ப விடற பாதுகாப்பு) வேணும்னாங்க, கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ஸ் இருக்கற பயாஸ்ல போய், பழைய பூட் முறையான லெகசியை புது முறையான யூஇஎஃப்ஐ-ன்னு மாத்தினேன். இப்ப 'நோ பூட்டபிள் டிவைஸ்'னு வருது. ஹார்ட் டிஸ்க் போச்சா?

பதில்: டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. பழைய எம்பிஆர் முறையில பிரிச்ச டிஸ்க்லேர்ந்து விண்டோஸ் யூஇஎஃப்ஐ மோட்ல கிளம்பாது, அதுக்கு டிஸ்க் ஜிபிடி-ங்கற புது முறையில பிரிச்சதா இருக்கணும். அதே பயாஸ்ல போய் திரும்ப லெகசின்னு வச்சுடுங்க, பழையபடி வந்துடும். வந்ததும் பேக்கப் எடுத்துட்டு, விண்டோஸ் 10-லயே எம்பிஆர்2ஜிபிடி-ன்னு ஒரு டூல் இருக்கு, அதுல முதல்ல வேலிடேட் (மாத்த முடியுமான்னு சோதிக்கற) ஆப்ஷன் போட்டுப் பாத்து எர்ரர் வரலன்னா மட்டும் கன்வெர்ட் பண்ணுங்க, டேட்டா அழியாது, ஆனா பேக்கப் இல்லாம தொடாதீங்க. மாத்தி முடிச்சதுக்கப்புறம்தான் யூஇஎஃப்ஐ, இந்த வரிசை மாறினதாலதான் உங்களுக்கு இந்தத் தொல்லை.