ஆட் பிளாக்கர் போடலாமா? காரைக்குடியிலிருந்து ஒரு கேள்வி பதில்

காரைக்குடியில் கம்ப்யூட்டர், மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இணைய விளம்பரங்களை, ஆட் பிளாக்கர் என்ற தடுப்பானைத் தேடித் தேடிப் போட்டு மக்கள் ஏன் இப்படித் தடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. சந்தேகம் உள்ளவர்கள் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில கீழே.

தேவகோட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்: தம்பி, ஆயுசு முழுக்கப் பேப்பரில் ஜவுளிக்கடை விளம்பரம் பார்த்தவன் நான். ஒன்றையும் கிழித்துப் போட்டதில்லை. இணைய விளம்பரத்தின் மேல் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

சார், பேப்பர் விளம்பரம் அச்சடித்த இடத்திலேயே கிடக்கும். செய்திக்கு நடுவில் எழுந்து வந்து மறைக்காது, தானாகப் பாட்டுப் பாடாது. இணையத்திலும் ஆரம்பத்தில் அப்படித்தான். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்தபோது ஆர்வமாகவே அழுத்திப் பார்த்தார்கள். அப்புறம் தானாகத் தனி ஜன்னலில் திறக்கும் பாப்-அப் விளம்பரம் வந்தது. அதற்கான நிரலை முதலில் எழுதியவர்களில் ஒருவரான ஈத்தன் சக்கர்மேன் 2014இல் வெளிப்படையாக மன்னிப்பே கேட்டார். ஆனால் 2002லேயே டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் ஆஸ்டெட் சோரென்சன் ஆட்பிளாக் என்ற தடுப்பானை எழுதிவிட்டார். வழியை மறித்த பிறகுதான் ஜனங்கள் தடுப்பானைத் தேடினார்கள்.

கானாடுகாத்தான், பழைய வீட்டில் தங்குமிடம் நடத்துபவர்: வளவில் தரை மாற்ற ஆத்தங்குடி டைல்ஸ் விலையை ஒரே ஒரு தடவை தேடினேன். இப்போது எந்தப் பக்கம் திறந்தாலும் டைல்ஸ்தான். நாம் பேசுவதை போன் ஒட்டுக்கேட்கிறதா அண்ணே?

ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. நீங்களே டைப் செய்து கொடுத்துவிட்டீர்களே! ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் ஆயிரக்கணக்கான தளங்களில் உட்கார்ந்திருக்கிறது. டைல்ஸ் பக்கத்தில் உங்கள் பிரவுசரில் குக்கீ என்ற சின்ன அடையாளக் குறிப்பு ஒன்று விழுந்தால், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போகும் இடத்திலும் அதே நிறுவனம் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும்.

அடுத்து நடப்பதுதான் பலருக்குத் தெரியாது. பக்கம் திறக்கும் அந்த ஒரு நொடிக்குள் உங்களை வைத்து ஏலம் நடக்கிறது. எந்த ஊர்ப் பக்கம், என்ன போன், என்ன தேடினார் என்ற விவரம் பல கம்பெனிகளுக்குப் போகும். அதிக விலை கேட்டவர் விளம்பரம் காட்டுவார். தோற்றவர்கள் கைக்கும் அந்த விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது, அதுதான் வினை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு பழைய மரத்தூணை நின்று பார்த்ததற்காக, கடைக்காரர் வீடு வரை ஆள் அனுப்பி, வழியில் எந்தெந்தக் கடையில் நுழைகிறீர்கள் என்று எழுதி வைத்தால் சும்மா இருப்பீர்களா? விளம்பரத்தைச் சகித்துக்கொள்பவர்கள்கூட இந்தப் பின்தொடர்தலுக்காகவே தடுப்பான் போடுகிறார்கள். இத்தனை நிரலும் ஓடுவது உங்கள் டேட்டாவிலும் பேட்டரியிலும்தான்.

பள்ளத்தூர், ஓர் ஆச்சி: சிங்கப்பூரில் இருக்கும் பேரன் ஏதோ தடுப்பான் போடச் சொல்கிறான். சமையல் குறிப்புப் பார்க்கிறவளுக்கு அது எதற்கப்பா?

உங்களுக்குத்தான் ஆச்சி முதலில் வேண்டும். மூடுவதற்கு என்று காட்டும் பெருக்கல் குறி சில விளம்பரங்களில் வெறும் படம். அழுத்தினால் வேறு பக்கம் திறக்கும். "உங்கள் போனில் வைரஸ்" என்று பயமுறுத்துவதும் விளம்பரமே. பெரிய தளம் என்றாலும் முழுக்க நம்ப முடியாது. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி தளங்களில் வந்த விளம்பரங்கள் வழியாகவே கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கும் கிருமியைப் பரப்பப் பார்த்தார்கள்.

இன்னொன்று, வங்கியின் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடினால் மேலே "ஸ்பான்சர்டு" என்று வருவது போலியாக இருக்கலாம். இந்த மாதிரி ஏமாற்றுக்காகத்தான் 2022 டிசம்பரில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, ஆட் பிளாக்கர் பயன்படுத்துங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னது. நம்பரை ஏடிஎம் கார்டின் பின்பக்கம் பாருங்கள். தப்பித்தவறிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள்.

கோட்டையூர், பலகாரம் அனுப்புபவர்: மனகோலம், சீப்புச்சீடை, தேன்குழல் எல்லாம் வெளியூருக்கு பார்சல் போடுகிறோம். எல்லோரும் தடுத்தால் நான் கட்டும் விளம்பரக் காசு வீண்தானே?

இல்லை. தடுப்பான் இருக்கும் பிரவுசரில் உங்கள் விளம்பரம் இறங்கவே இறங்காது. இறங்காததற்குப் பொதுவாகக் கணக்கும் ஏறாது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆப்புக்குள் வருவதை பிரவுசர் தடுப்பான் தொடவும் முடியாது.

காரைக்குடி, சமையல் தளம் நடத்தும் சகோதரி: கவுனி அரிசியிலிருந்து கோழி வறுவல் வரை நானே சமைத்து, படம் எடுத்து எழுதுகிறேன். விளம்பரம்தான் வருமானம். தடுத்துவிட்டுப் படிப்பது திருட்டு இல்லையா?

திருட்டு என்று சொல்ல மாட்டேன். எதைத் தன் திரையில் இறக்குவது என்பது போன்காரரின் உரிமை. ஜெர்மனியில் ஒரு பெரிய பதிப்பகம் ஆட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பான் மேல் வழக்குப் போட்டு, 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

ஆனால் உங்கள் நஷ்டம் நிஜம், அதை மழுப்ப மாட்டேன். தடுப்பான்கள் பெரும்பாலும் விளம்பர நிறுவனங்களின் முகவரிப் பட்டியலை வைத்து வேலை செய்கின்றன. அடக்கமான விளம்பரமும் அதே முகவரியிலிருந்து வந்தால் சேர்ந்து போய்விடும். ஒழுங்காக நடப்பவருக்கும் அடி விழுகிறது. ஆட்பிளாக் பிளஸ் 2011இல் "ஏற்கத்தக்க விளம்பரங்கள்" என்று ஒரு விலக்கு கொண்டுவந்தது; பெரிய கம்பெனிகள் காசு கட்டி அதில் நுழைந்ததும் அதன் மரியாதை போச்சு.

என் யோசனை: மசாலாக் கடை, பாத்திரக் கடைகளிடம் நேரடியாகப் பேசி, படத்தை உங்கள் தளத்திலேயே வைத்து விளம்பரம் போடுங்கள். அது பெரும்பாலும் தடுக்கப்படாது, யாரையும் வேவு பார்க்காது. அப்புறம், கோபிக்காதீர்கள், உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பொருள்கள் பட்டியலுக்கும் செய்முறைக்கும் நடுவில் வரிசையாக விளம்பரம், மூலையில் நகராத வீடியோ. மசாலாக் கையோடு நிற்பவர் அதை எப்படித் தள்ளுவார்? வாசகர்களுக்கும் சொல்கிறேன்: பிடித்த தளத்துக்கு மட்டும் தடுப்பானை நிறுத்தி வைக்கலாம், ஒரே அழுத்துதான்.

கல்லூரி மாணவர்: குரோமில் என் யூபிளாக் ஆரிஜின் தடுப்பான் காணாமல் போச்சே?

பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை கூகுள் மாற்றியதால் வந்தது. பாதுகாப்புக்காக என்கிறார்கள்; விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனி சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன். குரோமில் அதன் லைட் பதிப்பு இருக்கிறது. முழுசாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், மொபைலிலும் ஓடும்.

புதுவயல், ரைஸ் மில் ஊழியர்: எதையும் இன்ஸ்டால் செய்யாமல் போன் முழுக்கத் தடுக்க வழி உண்டா?

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் என்றால் உண்டு. தளங்களின் பெயரை வைத்து அவற்றின் முகவரியைக் கண்டுபிடித்துத் தருவது டிஎன்எஸ். செட்டிங்ஸில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று தேடி, விளம்பர முகவரிகளைத் தடுக்கும் ஆட்கார்டு போன்ற சேவையின் தளத்தில் தரும் முகவரியை அங்கே போடுங்கள். யூடியூப் விளம்பரம் இதில் நிற்காது. வீடியோவும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஏதாவது ஆப் திறக்க மறுத்தால் அதே இடத்தில் ஆஃப் செய்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.