அவனிடத்தில் போய் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் நண்பன் ஒருவனைப் பற்றி எழுதுகிறேன். இருபது வருடப் பழக்கம். ஆலயத்தில் வாசகம் வாசிப்பவன். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆஸ்பத்திரியில் முதல் ஆளாக நிற்பவன். அவனுடைய அம்மாவுக்கு மூன்று வருடமாக மறதி நோய். போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சாப்பாடு கேட்டார். அவன் தட்டை அவர் முன்னால் டமாரென்று வைத்து, “தின்னுட்டுத் தின்னுட்டு இன்னும் என்ன?” என்றான். அவர் பயந்துபோய் கையிலிருந்த ஸ்பூனைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டார். அதற்கு அப்புறம் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அதே குரல்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் நண்பர்கள் இரண்டு பேரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். “நாங்களும் கவனித்தோம்” என்றார்கள். ஆனால் அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. ‘தீர்ப்பிடாதீர்கள்’ என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே. தவக்காலப் பிரசங்கத்தில் எங்கள் பங்குத்தந்தை, தவறு செய்கிறவர்களைத் திருத்துவதும் இரக்கச் செயல்களில் ஒன்று என்றார். பசித்தவருக்குச் சோறு போடுவது இரக்கம், அது புரிகிறது. ஒருவனிடம் போய் ‘நீ செய்வது தப்பு’ என்று சொல்வது எப்படி இரக்கமாகும்? நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் பற்றி உங்களுக்குத் தனியாக எழுதியிருந்தேன். “அதையும் சேர்த்தே போடுங்கள், இன்னும் யாருக்காவது உதவும்” என்று நீங்கள் பதில் அனுப்பியதால்தான் இங்கே அதைத் தொடுகிறேன். ‘நண்பர்கள் இரண்டு பேரிடம் சொல்லி வருத்தப்பட்டேன்’ என்ற வரி.

குறை சொல்வதற்காக அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. நானும் அப்படித்தான். ஒருவர் செய்வது தப்பு என்று தெரிந்தால், அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லிவிடுவோம். வருத்தத்தோடு சொல்வதால் அது புறணி என்று நமக்கே தோன்றாது. சொல்லி முடித்ததும் பாரம் குறைந்த மாதிரி இருக்கும். அதனாலேயே, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வதற்கான வேகமும் போய்விடும். இப்போது உங்கள் நண்பரின் தவறு மூன்று பேருக்குத் தெரியும். நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் இதற்கு இயேசு ஒரு வரிசை சொல்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் அது இப்படி இருக்கும்: “உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து, அவன் உனக்குச் செவிகொடுத்தால், உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்.” கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவது, அதற்கும் கேட்காவிட்டால் சபையிடம் சொல்வது எல்லாம் பிறகுதான். நாம் பெரும்பாலும் இரண்டாம் படியில் ஆரம்பிக்கிறோம். அதிலும் அந்த ஒன்றிரண்டு பேரோடு அவனிடம் போவதில்லை, அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

‘உனக்கு விரோதமாக’ என்றுதானே இருக்கிறது, அவன் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அந்தச் சொற்கள் இல்லை. ‘உன் சகோதரன் குற்றம் செய்தால்’ என்று மட்டுமே இருக்கிறது. அந்தக் கதவு வழியாகத் தப்பிக்க முடியாது.

அந்த வசனத்தில் எனக்குப் பிடித்த சொல் ‘ஆதாயம்’. ஒரு சகோதரன் கைவிட்டுப் போகிறான், போய்ப் பேசி அவனைத் திரும்பப் பெறுகிறாய், உனக்கு லாபம் என்கிறது. நியாயம் யார் பக்கம் என்று நிரூபிப்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. இந்தப் பகுதி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். இதற்கு நேர் முன்னால், தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிறவனின் உவமை. இது முடிந்த கையோடு, எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்கிறார், ஏழெழுபது முறை என்று பதில் வருகிறது. தேடிப் போவதற்கும் மன்னிப்பதற்கும் நடுவில் இருக்கிறது இந்தக் கண்டிப்பு. இதை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்தால் சட்டப்புத்தகம் மாதிரித்தான் தெரியும்.

இது எப்படி இரக்கமாகும் என்ற கேள்விக்கு வருகிறேன். திருச்சபை இரக்கச் செயல்களைப் பதினான்காகச் சொல்கிறது. பசித்தவருக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், நோயாளிகளைப் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது என உடல் சார்ந்தவை ஏழு. அறியாதவருக்குக் கற்பிப்பது, துயருற்றவரைத் தேற்றுவது, தீங்கைப் பொறுத்துக்கொள்வது என ஆன்மா சார்ந்தவை ஏழு. தவறு செய்கிறவரைத் திருத்துவது இந்த இரண்டாவது ஏழில் வருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதைப் பற்றி எழுதும்போது, தருமம் கொடுப்பதைப் பேசி முடித்த கையோடு இதை எடுத்துக்கொள்கிறார். அவருக்கு இதுவும் ஒரு பிச்சையிடல்தான். உடம்பில் உள்ள நோயை நீக்குவது அன்பு என்றால், ஒருவனைக் கெடுத்துக்கொண்டிருக்கும் தவறை நீக்குவது அதைவிடப் பெரிய அன்பு என்பது அவர் வாதம்.

அவரே ஒரு எச்சரிக்கையும் வைக்கிறார், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. குறிப்பிட்ட ஒருவருக்குக் கடன்பட்டிருந்தால் அவரைத் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் பொதுவாகப் பட்ட கடன். ஆகவே கண்முன் வருகிறவருக்குக் கொடுத்தால் போதும், யாரைத் திருத்தலாம் என்று தேடிக்கொண்டு அலையக் கூடாது, அலைந்தால் மற்றவர்கள் வாழ்க்கையை வேவு பார்க்கிறவர்களாகிவிடுவோம் என்கிறார். அப்படி அலைகிறவர்களை நமக்கெல்லாம் தெரியும். ஒவ்வொரு சபையிலும் இரண்டு பேராவது உண்டு. அவர்களைப் பார்த்துப் பயந்துதான் நம்மைப் போன்றவர்கள் வாயே திறப்பதில்லையோ என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். உங்கள் விஷயம் அப்படி இல்லை. நீங்கள் தேடிப் போகவில்லை. அது உங்கள் முன்னால், தட்டு வைத்த சத்தத்தோடு வந்து நின்றது.

‘தீர்ப்பிடாதீர்கள்’ என்பதைச் சொன்ன அதே மூச்சில்தான் துரும்பும் உத்திரமும் வருகின்றன. அந்த உவமையைப் பாதியில் நிறுத்திவிடுவது நம் வழக்கம். முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு, அப்புறம் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க உனக்கு நன்றாகத் தெரியும் என்றே அது முடிகிறது. துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. கண்ணில் துரும்பு விழுந்தவனுக்கு அது எடுக்கப்பட வேண்டும். ஆனால் கண்ணைத் தொட எவன் கையை அனுமதிப்பான்? நடுங்காத கையை, அதுவும் மெதுவாக வருகிற கையை.

பவுல் கலாத்தியருக்கு எழுதுகையில், குற்றத்தில் அகப்பட்டவனைச் ‘சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்கிறார். அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் வருகிற வினைச்சொல்தான், யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு சொல்லும் இடத்திலும் வருகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வசனத்தை வேறு மாதிரி படிக்க முடியவில்லை. வலை தைப்பவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கிழிசலை விரலால் தடவித் தேடுவார்கள். அறுந்த கண்ணியை மட்டும் எடுத்துக் கட்டுவார்கள், பக்கத்துக் கண்ணிகளை இழுக்க மாட்டார்கள், இழுத்தால் அதுவும் அறுந்துவிடும். கிழிந்த வலையைத் திட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. நாளைக்கு அதே வலைதான் வேண்டும்.

என்னை ஒருவர் அப்படித் தைத்திருக்கிறார். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு சுவாரசியத்தில், எங்களுக்குத் தெரிந்த ஒருவர் திக்கித் திக்கிப் பேசுவதை நான் நடித்துக் காட்டினேன். நன்றாகவே நடித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். கிளம்பும்போது வயதில் மூத்த ஒருவர், “பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வர்றேன்” என்று கூடவே நடந்தார். வழியெல்லாம் எதையெதையோ பேசினார். பஸ்ஸின் விளக்கு தூரத்தில் தெரிந்த பிறகுதான் சொன்னார்: “அங்கே தண்ணி ஊத்திக்கிட்டிருந்த பையனுக்கும் திக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.” அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அவர் ஏன் அத்தனை தூரம் நடந்தார் என்பது வீடு சேர்வதற்குள் புரிந்தது. நான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது. என் முகம் போன போக்கை அவர் பார்க்கக் கூடாது. ‘தெரிஞ்சிருக்காது’ என்ற சொல்லை வேறு கையில் கொடுத்து அனுப்பினார். இரண்டு நாள் அவர் மேல் கோபமாகத்தான் இருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். யாரையும் நடித்துக் காட்டும் பழக்கம் அன்றோடு போயிற்று.

நான் செய்தது இதற்கு நேர்மாறு. உறவினர் ஒருவரின் குடியைப் பற்றி அவரிடம் பேசினேன். சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. பேசியது அவருடைய பத்து வயது மகன் நின்றுகொண்டிருந்தபோது. அவர் குடியை விடவில்லை, எங்கள் வீட்டுக்கு வருவதை விட்டுவிட்டார். பிறருக்குத் தெரியாமல் நடந்த தவறைப் பலர் முன்னால் எடுத்துவைக்கிறவன் திருத்துகிறவன் ஆக மாட்டான், காட்டிக்கொடுக்கிறவன் ஆகிறான் என்று திருச்சபைத் தந்தையரில் ஒருவரான அகுஸ்தீனார் ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். அதை நான் படித்தது பிற்பாடு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று செய்ய வேண்டாம். இறைவாக்கினர் நாத்தான், தவறு செய்த தாவீது அரசனிடம் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, தாவீது கொதித்தெழுந்ததும் “நீயே அந்த மனுஷன்” என்றார் அல்லவா, அதைப் பார்த்து உங்கள் நண்பருக்கும் ஒரு கதை தயார்செய்யாதீர்கள். நாத்தான் பேசியது தலையை எடுக்கக்கூடிய அரசனிடம். இருபது வருட நண்பனிடம் கதை சொன்னால் இரண்டாவது வரியிலேயே பிடித்துவிடுவான். போனில் எழுதி அனுப்பவும் வேண்டாம். எழுத்தில் உங்கள் குரல் இருக்காது, அவர் அதைப் பத்து முறை படிப்பார்.

கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானநூலில் 19-ஆம் அதிகாரத்தில் ஓர் அறிவுரை உண்டு: நண்பனிடம் கேட்டுப் பார், ஒருவேளை அவன் அதைச் செய்யாமலே இருந்திருக்கலாம், செய்திருந்தால் இனிச் செய்யாமல் இருப்பான். கேட்பதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் நண்பர் கத்தியது உண்மை, நீங்களே கேட்டீர்கள். ஆனால் அதற்கு முந்தைய இரவை நீங்கள் பார்க்கவில்லை. மறதி நோய் உள்ளவர்கள் பலருக்கு இரவு பகல் குழம்பிப்போகும். ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்பார்கள், நள்ளிரவில் எழுந்து கதவைத் திறக்கப் பார்ப்பார்கள். மூன்று வருடமாக அந்த வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள் என்று நீங்கள் இதுவரை கேட்டதுண்டா? இதனால் அவர் செய்தது சரியாகிவிடாது. எந்த இடத்தில் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

அப்புறம், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். “நீ அம்மாவிடம் எப்பவும் இப்படித்தான்” என்று ஆரம்பித்தால் முடிந்தது. “அன்னைக்கு அம்மா ஸ்பூனை ஒளிச்சு வச்சுக்கிட்டாங்க, நீ கவனிச்சியா?” என்று கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். எனக்கே அந்த ஸ்பூன் மனதை விட்டுப் போகவில்லை. பெற்ற மகனுக்கு எப்படி இருக்கும்? அதோடு நிறுத்திவிட்டு, “சனிக்கிழமை மத்தியானம் நான் வந்து அம்மாவோட இருக்கேன், நீ தூங்கு” என்று சொல்லுங்கள். சொன்னால் போய் இருக்கவும் வேண்டும். நோயாளியைப் பார்ப்பதும் அந்தப் பதினான்கில் ஒன்றுதானே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேரம் நண்பரைப் பற்றியே பேசிவிட்டோம், பயந்துபோனவர் அவருடைய அம்மா. அவர் உடம்பில் ஒரு காயத்தைப் பார்த்தாலோ, அவரைப் பட்டினி போடுகிறார்கள் என்று தெரிந்தாலோ, ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்று காத்துக்கொண்டிருக்காதீர்கள். தன் தரப்பைச் சொல்ல முடியாதவருக்குத் தீங்கு நடக்கும் இடத்தில் முதல் இரக்கம் அவருக்குத்தான். குடும்பத்தாரையும் மருத்துவரையும், தேவைப்பட்டால் காவல்துறையையும் கூப்பிடுவதுதான் சரி. பலவீனர்களுக்கு நடந்த அநியாயங்களை ‘நமக்குள் பேசிக்கொள்ளலாம்’ என்று மூடிவைத்து, சபைகள் இந்த வசனத்துக்கே அவப்பெயர் வாங்கித் தந்திருக்கின்றன. உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் அந்த நிலை இல்லை என்று தோன்றுகிறது. போகிற ஒவ்வொரு முறையும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

நட்பு அதிகாரத்தில் வள்ளுவர், நட்புச் செய்வது சிரித்துப் பேசுவதற்காக இல்லை, நண்பன் நெறி கடக்கும்போது ‘மேற்சென்று இடித்தற் பொருட்டு’ என்கிறார். மேற்சென்று என்றால் முற்பட்டுப் போய். மத்தேயுவிலும் ‘அவனிடத்தில் போய்’. இரண்டு இடத்திலும் நடக்க வேண்டியவர் தவறு செய்யாதவர்தான், என்ன செய்வது.

அவர் கோபப்படலாம். “உனக்கென்ன தெரியும், ஒரு ராத்திரி வந்து இருந்து பார்” என்பார். அதற்குப் பதில் சொல்லாதீர்கள், அது நியாயமான பேச்சு. முடிந்தால் ஒரு ராத்திரி இருந்தும் பாருங்கள். பேச்சு மேலே போகாவிட்டால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். சொல்வதால் இன்னும் கெடும் என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று அக்வினாஸே அனுமதிக்கிறார். அடுத்த வாரமும் வழக்கம்போலப் போங்கள்.

போய்விட்டு வந்த பிறகு அந்த இரண்டு நண்பர்களையும் பாருங்கள். அவனிடம் பேசிவிட்டேன் என்று மட்டும் சொன்னால் போதும். அவன் என்ன சொன்னான் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அதைச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்.