வெட்டாத கத்தியும் நனையாத ஃபிளையும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை. சில வருடங்களாக மாலை நேரங்களில் மீன்பிடிக்கும் ஃபிளைகள் கட்டிவருகிறேன்; தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் பொய்ப்பூச்சிகள். ஆண்டுக்கு இரண்டொரு முறை மலையடிவார ஊரான அண்டர்பெர்க் பக்கம் டிரவுட் என்னும் ஆற்றுமீன் பிடிக்கப் போவேன். இப்போது கத்தி செய்யும் ஆசையும் பிடித்துக்கொண்டது. கராஜில் ஒரு மூலையை ஒழித்துவிட்டு, இரும்பைத் தேய்க்கும் இயந்திரமான பெல்ட் கிரைண்டருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில்தான் சிக்கல். “உன் கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டியே கை தேஞ்சு செத்தார். உங்கப்பாவை ஆபீஸ்ல உக்கார வைக்க தாத்தா பட்ட பாடு எனக்குத் தெரியும். நீ படிச்சிட்டு இரும்பைத் தேய்க்கப் போறியா?” என்கிறார் அம்மா. மனைவி சண்டை போடுவதில்லை. ஆனால் கடையில் சில பத்து ரேண்டுக்குக் கிடைக்கிற ஃபிளைக்கு இத்தனை டப்பா இறகும் நூலும் எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இணையத்தில் தகட்டில் அலைக்கோலம் ஓடும் டமாஸ்கஸ் கத்திகளையும் பழைய பாணி சால்மன் ஃபிளைகளையும் பார்க்கும்போது, நான் எப்போது அங்கே போய்ச் சேர்வது என்று சோர்வாக இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா, ஒன்றை விட்டுவிடவா? இன்னொன்று: காவடியிலிருந்து கழற்றிய மயிலிறகு வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கிறது. அதை ஃபிளைக்கு எடுக்கலாமா?

தங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் கனமான வரி அம்மா சொன்னதுதான். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதி கரும்புத் தோட்டங்களுக்குப் போனது. கையில் இருந்த கத்தி முதலாளியுடையது, வெட்டிய கரும்பும் முதலாளியுடையது, எவ்வளவு வெட்ட வேண்டும் என்று சொன்னவர் சர்தார் என்ற மேஸ்திரி. அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் பிள்ளையின் கையிலிருந்து கத்தியை இறக்கிப் பேனாவைக் கொடுப்பது ஒரு வாழ்நாள் வேலை. அம்மாவிடம் வாதாட வேண்டாம். அவர் சொல்வது உண்மை.

ஆனால் அதே மக்களின் இன்னொரு கதையும் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் டர்பன் விரிகுடாவில் சாலிஸ்பரி தீவில் குடியேறி மீன் பிடித்தார்கள். எப்போது கடலில் இறங்குவது, எங்கே வலை போடுவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். தோட்டத்தில் தேய்ந்த அதே கைகள்தான். கராஜ் மூலையில் நீங்கள் செய்ய நினைக்கும் வேலை இந்த வகையைச் சேர்ந்தது என்று நான் நம்புகிறேன். இதை வாயால் சொல்லி அம்மாவுக்குப் புரியவைக்க முடியாது. அவருக்கு ஒரு நல்ல கத்தி செய்து கொடுங்கள்.

இங்கேதான் நான் சொல்ல விரும்புவது இருக்கிறது. நீங்கள் செய்வது எதுவாக இருந்தாலும் அது வேலை செய்ய வேண்டும். ஃபிளை தண்ணீரில் நனைய வேண்டும், கத்தி தினமும் வெட்ட வேண்டும். இந்த இரண்டு பொழுதுபோக்குகளும் கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான்: செய்கிற பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறும்போது.

உங்களைச் சோர்வடையச் செய்யும் அந்தச் சால்மன் ஃபிளைகளையே எடுத்துக்கொள்வோம். விக்டோரியா காலத்துப் பிரிட்டனில் பிறந்த பாணி அது. பேரரசின் கப்பல்களில் வந்திறங்கிய வெப்பமண்டலப் பறவைகளின் இறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுக்கோழிச் சேவலும் தப்பவில்லை. அதன் கழுத்து இறகில் மெழுகு சொட்டியதுபோல் இருக்கும் மஞ்சள் வெள்ளைப் புள்ளிக்காகவே அதைத் தேடினார்கள். சால்மனுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. முட்டையிட ஆறேறி வரும் சால்மன் இரை எடுப்பதையே நிறுத்திவிடுகிறது. ஏதோ ஒரு தூண்டுதலில் முள்ளைக் கவ்வுகிறது, அதற்கு அரிய பறவையின் இறகுதான் வேண்டும் என்பதில்லை. இன்று இந்த வகை ஃபிளைகளில் பெரும்பாலானவை தண்ணீரையே பார்ப்பதில்லை. சட்டகத்துக்குள் போய்விடுகின்றன. அந்தப் பித்து எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? 2009இல் இங்கிலாந்தின் டிரிங் நகரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் ஓர் இசை மாணவர் இரவில் புகுந்து, பாடம் செய்து வைத்திருந்த 299 பறவைத் தோல்களைத் திருடினார். இறகுக்காக. அவற்றில் சில இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாய்த் தீவுகளில் சேகரித்தவை. எந்தப் பறவை எங்கே எப்போது கிடைத்தது என்ற சீட்டுகள் பலவற்றிலிருந்து பிய்க்கப்பட்டுவிட்டதால் அவை அறிவியலுக்குப் பயன்படாமல் போயின. அந்த உச்சியைப் பார்த்து நீங்கள் ஏங்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர்முனையில் ஒருவர். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராக வேலை பார்த்த ஃபிராங்க் சாயர். நீரடியில் வாழும் இளம்பூச்சியைப் போலக் கட்டும் ஃபிளைக்கு நிம்ஃப் என்று பெயர். அவருடைய ஃபெசன்ட் டெயில் நிம்ஃபில் இரண்டே பொருள்கள். ஃபெசன்ட் சேவலின் வால் இறகிலிருந்து சில இழைகள், மெல்லிய செப்புக் கம்பி. நூல்கூடக் கிடையாது. கம்பியே கட்டும், கம்பியே எடையும் தரும். கால்கள் வைக்கவில்லை. மேஃபிளையின் இளம்பூச்சி நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டிக்கொள்கிறது என்பதை அவர் ஆற்றிலேயே பார்த்திருந்தார். பார்த்ததை மட்டும் கட்டினார். உலகம் முழுவதும் இன்றும் அதற்கு மீன் விழுகிறது. நம் நாட்டு டாக்டர் டாம் சட்க்ளிஃபின் டிடிடி ஃபிளையும் இதே புத்திதான். மான் மயிரின் உள்ளே காற்றறைகள் இருப்பதால் அது மிதக்கும். அந்த ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு மேற்பரப்பில் நிற்கும் ஒரு ஃபிளையைச் செய்தார்.

ஆகவே டப்பாக்களை மூடி வைத்துவிட்டு, கொஞ்ச காலம் சாயரின் நிம்ஃபை மட்டும் கட்டுங்கள். அளவு 14 முள் போதும். முள்ளின் எதிர்க்கொக்கியை வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் ஏற்றும்போதே நசுக்கிவிடுங்கள். பின்னால் முறிந்தால் கட்டியது வீணாகும். முள்ளின் கண்ணுக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடம் விடுவதுதான் எல்லோருக்கும் கடைசியில் வரும் பழக்கம். அதை முதலிலேயே பழகுங்கள். கடை ஃபிளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மனைவி கேட்டால் இப்படிச் சொல்லலாம். ஆற்றில் மீன் மறுத்தால், கடையில் வாங்கியவர் வேறொன்றை வாங்குவார். கட்டியவர் மாலையில் உட்கார்ந்து அதையே இன்னும் மெலிதாக, இன்னும் கனமாகக் கட்டிப் பார்ப்பார். செலவைப் பற்றி அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு பொருளில் கட்டத் தொடங்கினால் அந்த நியாயமும் தீர்ந்துவிடும்.

இப்படி மாற்றிக் கட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு இரண்டு முறை அண்டர்பெர்க் போதாது. டிரவுட்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் அது 1890இல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாக வந்து புஷ்மன்ஸ், மூய், உம்கேனி ஆறுகளில் விடப்பட்ட மீன். நிறவெறிக் காலத்தில் அந்தக் கரைகள் நம்மவர்களுக்கு எட்டாதவையாகவும் இருந்தன. உங்கள் காலடியில் ஸ்கேலி இருக்கிறது. நேட்டாலின் சொந்த மீன், பொன்னிறச் செதில், கெண்டைக் குடும்பம். நம் காவிரி மஹ்சீருக்குத் தூரத்து உறவு. உம்கோமாஸிலும் உம்கேனியிலும் துகேலாவிலும் ஓடுகிறது. உதடுகளின் அமைப்பே மீனுக்கு மீன் வேறுபடும். பெரும்பாலும் அடியில் மேய்வதால் எடையுள்ள நிம்ஃபைத் தரையோடு உருட்டிவிட்டால் எடுக்கும். எடுத்தபின் அதன் இழுப்பைக் கையில் உணர்ந்தால் டிரவுட்டை எதற்கு இத்தனை நாள் கொண்டாடினோம் என்று தோன்றும். உரிமம் எடுத்துக்கொண்டு, நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பிடித்ததைத் திருப்பி விடுங்கள்.

இனி கத்தி. கிரைண்டரை இப்போது வாங்காதீர்கள். ரம்பமும் நல்ல அரங்களும் ஒரு வைஸும் போதும். அரத்தால் செய்யும்போது தவறு மெதுவாக வரும், கண்ணுக்குத் தெரியும், நிறுத்தலாம். இயந்திரம் ஒரு நொடியில் தகட்டைத் தின்றுவிடும்.

டமாஸ்கஸை மறந்துவிடுங்கள். இன்று அந்தப் பெயரில் வருவது இருவகை எஃகை உலையில் ஒட்டி மடித்து, அமிலத்தில் தோய்த்துக் கோலத்தை வெளிக்கொண்டுவருவது. அழகுதான். ஆனால் பழைய டமாஸ்கஸ் வாள்களின் புகழ் வேறொரு பொருளால் வந்தது: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை என்ற மண்குடுவையில் உருக்கி எடுத்த எஃகு. கொடுமணல் அகழாய்வில் அந்த உருக்கு வேலையின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. எதுவானாலும் கோலம் வெட்டாது. கத்தி வெட்டுவது தோய்ச்சலால், அதாவது பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்குவதால்.

1070 போன்ற சாதாரணக் கார்பன் எஃகை எடுங்கள். சமையல் கத்திக்கு முதுகில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் போதும். பழகுநர்கள் செய்யும் கத்திகளில் பெரும்பாலானவை வெட்டாததற்கு ஒரே காரணம் தடிமன். மரம் பிளக்கும் கனத்தில் செய்துவிட்டுத் தக்காளி நசுங்குகிறது என்று வருந்துவார்கள். பிடிக்கான துளைகளைத் தோய்ச்சலுக்கு முன்பே போட்டுவிடுங்கள், பிறகு துளைக்கும் கருவி இறங்காது. விளிம்பை அப்போதே கூராக்காமல் ஒரு மில்லிமீட்டர் விட்டுவையுங்கள். இல்லையென்றால் வளையும் அல்லது கீறல் விடும்.

உலையில் சூடேற்றும்போது காந்தத்தை அருகில் வையுங்கள். ஏறத்தாழ 770 டிகிரியில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குக் கொஞ்சம் மேலே, 800ஐ ஒட்டி, நிறம் தகடு முழுவதும் சீராக வரும்வரை காத்திருந்து, ஐம்பது டிகிரிக்குச் சூடாக்கிய கனோலா எண்ணெயில் நேராக இறக்குங்கள். எண்ணெய் இரும்புப் பாத்திரத்தில் இருக்கட்டும், மூடி பக்கத்திலேயே இருக்கட்டும். தீப்பிடிக்கும் என்று நினைத்தே செய்ய வேண்டிய வேலை இது. வெளியே எடுத்ததும் அரத்தை இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் இறுகிவிட்டது. அந்த நிலையில் கீழே விழுந்தால் உடையும், ஆகவே தள்ளிப்போடாமல் வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வையுங்கள். வைக்கோல் நிறம் படர வேண்டும். நம் கொல்லர்கள் நிறத்தைப் பார்த்துச் சொன்ன பதம் இதுதான்.

மாங்காய் ஊறுகாய்க்கு வெட்டினால் கார்பன் எஃகு கறுக்கும். துடைத்துவைத்தால் கெடாது, ஆனால் அம்மாவுக்கு அது பிடிக்காமல் போகலாம். அப்படியானால் அடுத்ததை ஸ்வீடனின் 12சி27 அல்லது ஆஸ்திரியாவின் என்690 என்ற துருப்பிடிக்காத எஃகில் செய்யுங்கள். அவற்றுக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் சீரான சூடு வேண்டும். கராஜ் உலையில் முயலாமல் வெப்பப் பதப்படுத்தும் பட்டறைக்கு அனுப்புங்கள். தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்பவர்களின் கில்டு என்ற சங்கம் 1980 முதல் இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் நடத்தும் கண்காட்சிக்கு ஒருமுறை போய், பளபளப்பைப் பார்க்காமல் பிடியும் தகடும் சேரும் இடத்தைப் பாருங்கள். முடி நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கைத்திறன் அங்கேதான் தெரியும்.

பிடிக்குக் காட்டு ஒலிவ மரம் நல்லது. கனமானது, இறுக்கமானது. தம்பூட்டி மரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதன் பாலும் தூளும் நஞ்சு, கண்ணில் பட்டால் பெரும் வேதனை. எந்த மரமானாலும் முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள். பெண்டாட்டி பிள்ளைகள் உறங்கும் வீட்டின் கராஜ் அது. யானைத் தந்தத்தில் பிடி போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் பேச்சைக்கூட வளர்க்க வேண்டாம்.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளை வார நாள் மாலைகளுக்கான வேலை, சத்தமில்லாதது, குழந்தை அழுதால் எழுந்து போகலாம். உலை பற்றவைத்த பிறகு எழ முடியாது, அதற்குச் சனிக்கிழமை வேண்டும். ஒன்று மற்றொன்றின் நேரத்தைத் தின்னாது.

மயிலிறகு. காவடியில் ஏறிய இறகைத் தூண்டில் முள்ளில் கட்ட எனக்கு மனம் வராது. நேர்ந்து சுமந்த பொருள் அது, அதன் வேலை முருகனிடம் முடிந்துவிட்டது. சாஸ்திரம் தெரிந்து சொல்லவில்லை, என் மனம் அப்படி. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். மயில் ஆண்டுதோறும் தோகையை உதிர்க்கும். மிட்லண்ட்ஸ் பக்கம் மயில் வளர்க்கும் பண்ணைகளில் கேட்டுப் பார்த்தால் உதிர்ந்ததைக் கொடுப்பார்கள். பிரின்ஸ் நிம்ஃபின் உடம்பு முழுக்க அந்த இழைதான். தண்ணீருக்கடியில் பச்சையும் செம்பும் மாறி மாறி மின்னும். ஆனால் டிரவுட்டின் பற்களுக்கு ஒரு கடிகூடத் தாங்காது. மூன்று நான்கு இழைகளை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றுங்கள், அதன்மேல் மெல்லிய செப்புக் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி இறுக்குங்கள். பல மீன்களுக்குத் தாங்கும்.

அன்புடன்