சில்வர் ஓக் நிழலில் சமஉயரக் கோடு

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் 3 ஏக்கர் காபித் தோட்டம். சரிவில் மழைநீர் நிற்க, குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும் சமஉயரக் குழிகள் வெட்டப்போகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சமஉயரக் கோட்டுப் படத்தை வைத்தே ஆள் விட்டு வெட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் படங்களில் பெரும்பாலானவை 2000 பிப்ரவரியில் விண்வெளி ரேடார் எடுத்த, 30 மீட்டருக்கு ஒன்றான உயரப் புள்ளிகளை வைத்து வரைந்தவை. ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். உங்கள் தோட்டத்துக்கே பதின்மூன்று கட்டம் தேறினால் அதிகம். அதைவிடப் பெரிய தொல்லை காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம். அடர்ந்த மரங்களுக்குள் ரேடார் அலை தரைவரை இறங்காது, பாதியில் திரும்பிவிடும். அன்று மரம் நின்ற இடம் மேடாகவும் வெட்டவெளி பள்ளமாகவும் படத்தில் விழும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள் (ஏற்காட்டுக்குப் பழைய எண் 58-ஐ/1) நம்பலாம். ஆனால் அதில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடுதான். இரண்டு கோடுகளுக்கு நடுவே 2 மி.மீ. இருந்தால் 100 மீட்டரில் 20 மீட்டர் இறக்கம். உங்களுக்கு மேலே எவ்வளவு நிலத்துத் தண்ணீர் வந்து சேரும் என்று பார்க்க அது போதும். புலப்படத்தில் எல்லை உண்டு, உயரம் கிடையாது. செல்போன் காட்டும் உயரத்தை விட்டுவிடுங்கள். சில செயலிகள் கடல்மட்டக் கணக்கை விட ஏறக்குறைய 90 மீட்டர் குறைத்தே காட்டும்.

குழிக்கு வேண்டியது ‘ஏ’ வடிவச் சட்டம். இரண்டு ஏழடிக் கம்பு, குறுக்கே ஒரு சட்டம், உச்சியிலிருந்து தூக்குக்குண்டு. இரண்டு முளைகள் மேல் நிறுத்தி, நூல் படும் இடத்தைக் குறுக்குச் சட்டத்தில் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம்; நூல் அங்கே நின்றால் இரண்டு காலும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. இதைச் செய்யாமல் தொடங்கி, சட்டத்தைத் திருப்பாமல் அப்படியே நகர்த்திக்கொண்டு போனால் ஒவ்வொரு அடிவைப்பிலும் அதே பிழை ஒரே பக்கம் சேர்ந்துகொண்டே போகும். மேல் எல்லையில் தொடங்கி, வரிசை வரிசையாகக் கீழே வாருங்கள். சருகை ஒதுக்கிவிட்டுக் காலை ஊன்றுங்கள். காபித் தோட்டத்துச் சருகு மெத்தையில் கால் இரண்டு மூன்று விரற்கடை புதைந்துவிடும். காற்றடித்தால் நூல் நிற்காது, காலையிலேயே முடித்துவிடுங்கள்.

நீளமாக ஒரே வாய்க்காலாக வெட்டாதீர்கள். ஒரு முனை சற்றே தாழ்ந்தாலும் தண்ணீரெல்லாம் அங்கே ஓடி, கரையை உடைத்து ஓடையாக்கிவிடும். ஒன்றரை அடி ஆழம், ஓரடி அகலத்தில், இடைவெளி விட்டு, செங்கல் அடுக்குவது போல மேல்வரிசை இடைவெளிக்குக் கீழே அடுத்த குழி வரட்டும். மண்ணைப் பள்ளப் பக்கம் போடுங்கள்.

பின்னால் குட்டை வெட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் டோட்டல் ஸ்டேஷனோடு (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) சர்வேயரை அழையுங்கள். 1 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு, 1:500 அளவு, யு.டி.எம். (உலகைத் தீர்க்கரேகைப்படி மண்டலங்களாகப் பிரித்து இடம் குறிக்கும் முறை) மண்டலம் 44 என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 78 பாகை தீர்க்கரேகை சேலம் மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது. அதற்குக் கிழக்கே மண்டலம் 44, மேற்கே மேட்டூர்ப் பக்கம் மண்டலம் 43. மேட்டூரில் வேலை பார்த்த கருவியில் அமைப்பை மாற்றாமல் கொண்டுவந்தால் உங்கள் தோட்டம் படத்தில் வேறெங்கோ போய் உட்கார்ந்துவிடும்.