எம்.எஸ்சி நர்சிங் முடித்தாச்சு, டீச்சிங் வேலை எங்கே? காரைக்குடி வட்டகைக் கேள்விகள்

தேவகோட்டையிலிருந்து: அக்கா, குழந்தைகள் நலப் பிரிவில் எம்.எஸ்சி முடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. அசிஸ்டென்ட் புரொபசருக்கு அப்ளை பண்ணலாமா? மதுரைக்கெல்லாம் போக வேணாம்னு அப்பத்தா சொல்றாக.

பதில்: முதல் படி டியூட்டர்தான் தங்கச்சி. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அசிஸ்டென்ட் புரொபசருக்கு 3 வருடக் கற்பித்தல் அனுபவம் வேண்டும். அசோசியேட்டுக்கு மொத்தம் 8 வருடம், அதில் 5 கற்பித்தல். பிரின்சிபாலுக்கு 15-ல் 12. புதிதாக வந்தவருக்கே பெரிய பதவி எழுதிக் கொடுக்கிற இடம் உண்டு. மயங்க வேண்டாம், கவுன்சில் ஆய்வு வரும்போது வருடக் கணக்கு உதைக்கும்.

அப்பத்தா சொல்வதற்கும் வழி இருக்கிறது. காரைக்குடியிலிருந்து சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டுமே சுமார் 40 முதல் 50 கி.மீ.தான்; தினம் போய் வரலாம். பேப்பர் விளம்பரத்துக்குக் காத்திருக்காமல் ஒரு பக்க ரெஸ்யூமோடு பிரின்சிபால் அறைக்கு நேரில் போங்கள். பெயருக்குக் கீழேயே பிரிவை எழுதுங்கள், ஏனென்றால் காலியிடமே பிரிவு வாரியாகத்தான் வரும். அடுத்த வரியில் கவுன்சில் பதிவு எண்.

பொன்னமராவதியிலிருந்து: நான் பி.எஸ்சி, எம்.எஸ்சி ரெண்டும் கர்நாடகாவில் படிச்சேன். இங்கே சேர முடியுமா?

பதில்: முடியும் தம்பி. ஆனால் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு வேண்டும். முதலில் கர்நாடக கவுன்சிலிடம் தடையில்லாச் சான்று வாங்கி, பிறகு இங்கே விண்ணப்பியுங்கள். இரண்டு கவுன்சிலுக்கு இடையே கடிதம் நடக்க நாளாகும், வேலை கிடைத்த பிறகு ஓடாதீர்கள். எம்.எஸ்சியைப் பதிவில் கூடுதல் தகுதியாகச் சேர்ப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காரைக்குடியிலிருந்து: இன்டர்வியூவில் டெமோ கிளாஸ் கேக்கிறாங்க. பத்து நிமிஷத்தில் என்ன எடுக்கிறது?

பதில்: பெரிய தலைப்பை எடுத்து அரைகுறையாக நிறுத்துவதுதான் பலரையும் கவிழ்க்கிறது. வயிற்றுப்போக்கு முழுவதையும் எடுக்காதீர்கள், 'ஓ.ஆர்.எஸ் (உப்பு-சர்க்கரை) கரைசல் தயாரித்துக் கொடுத்தல்' போதும். பெரிய பாக்கெட் ஒன்றுக்கு 1 லிட்டர் கொதித்து ஆறிய நீர். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி., சின்னச் சின்ன மடக்காக. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்தி, மறுபடி மெதுவாக.

லெசன் பிளானில் நோக்கத்தை 'மாணவி புரிந்துகொள்வாள்' என்று எழுதினால் உடனே பிடிப்பார்கள், புரிந்ததை அளக்க முடியாது. 'கரைசலைச் சரியான அளவில் தயாரித்துக் காட்டுவாள்' என்று எழுதுங்கள். முதல் 1 நிமிடம் அறிமுகம், 7 நிமிடம் பாடம், மீதி கேள்வி. ஸ்லைடைப் பார்த்து வாசிக்காதீர்கள். கரண்ட் போகலாம், ஒரு சார்ட்டும் நிஜ பாக்கெட்டும் கையில் இருக்கட்டும். வார்டில் எத்தனை மாணவிகளைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்பார்கள். 10 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சில் கணக்கு.

சிங்கம்புணரியிலிருந்து: ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் கொடுத்தாத்தான் ஆர்டர்னு சொல்றாங்க அக்கா.

பதில்: கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்குங்கள். சான்றிதழ் அங்கே மாட்டிக்கொண்டால், அடுத்த இடத்தில் நல்ல வேலை கிடைத்தாலும் நகர முடியாது. 'வர வேண்டாம், பெயர் மட்டும் இருக்கட்டும்' என்று யாராவது பேசினால் அந்தப் படியை மிதிக்கவே வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு கல்லூரிப் பட்டியலில் பெயர் வந்தால் மாட்டுவது நீங்கள்தான்.

ஆர்டரில் பதவி, பிரிவு, சேரும் தேதி மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பளம் வங்கியில் வரட்டும். 20 பேருக்குக் குறையாத நிறுவனம் என்றால் பி.எஃப் கேளுங்கள். ஐந்து வருடம் கழித்து 'அங்கே வேலை பார்த்தேன்' என்பதற்கு இந்த வரவுகள்தான் சாட்சி. கையில் ரொக்கமாக 2,000 ரூபாய் அதிகம் தருகிறேன் என்றாலும், வங்கி வழிச் சம்பளமே மேல்.

திருமயத்திலிருந்து: கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, அந்த நெட் (NET) எழுதணுமா?

பதில்: வேண்டாம். நெட் பாடப் பட்டியலில் நர்சிங்கே இல்லை.

கானாடுகாத்தானிலிருந்து: பக்கத்தில் ஜி.என்.எம் (நர்சிங் டிப்ளமோ) ஸ்கூலில் இடம் இருக்கு. அந்த வருஷம் கணக்கில் வருமா?

பதில்: கற்பித்தல் அனுபவமாக வரும், சேருங்கள். ஆனால் பின்னாளில் கல்லூரிப் பிரின்சிபாலாக வேண்டுமானால் குறைந்தது 5 வருடம் கல்லூரியிலேயே இருந்திருக்க வேண்டும். விலகும்போது சேர்ந்த தேதி, விலகிய தேதி போட்ட அனுபவச் சான்றை அன்றைக்கே வாங்குங்கள். பிரின்சிபால் மாறிவிட்டால், அப்புறம் அதற்காக அலைச்சல்தான்.