கம்பெனிக்குள் ஒளிந்திருக்கும் ரொட்டி

கேள்வி: எங்கள் கோவில் பூசையில் குருவானவர் அப்பத்தைப் பிட்கிறார். பிட்கப்படுவதால்தான் ரொட்டிக்கு ஆங்கிலத்தில் ‘பிரெட்’ என்று பெயர் வந்ததா? ‘பிரேக்’ என்பதும் அதே வேர்தானா? – வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஒலி ஒத்திருந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றல்ல. பழைய ஆங்கிலத்தில் ரொட்டியைக் குறித்த வழக்கமான சொல் ‘ஹ்லாஃப்’. அதுவே தேய்ந்து இன்றைய ‘லோஃப்’ ஆயிற்று. ‘பிரெட்’ என்பதற்குத் தொடக்கத்தில் துண்டு, கவளம் என்பதே பொருள் என்று ஒரு சாரார் கூறுவர். புளிக்கவைத்துக் காய்ச்சுவதைக் குறிக்கும் ‘புரூ’ என்ற சொல்லோடு அதை உறவுபடுத்துவார் மற்றொரு சாரார்.

‘பிரேக்’ என்பதன் உறவோ லத்தீனில் உடைத்தலைக் குறிக்கும் ‘ஃப்ராங்கெரெ’ என்னும் வினையோடு. லத்தீனின் ஃபகரம் ஆங்கிலத்தில் பகரமாக நிற்பது வழக்கம். அங்கே ‘ஃப்ராத்தர்’, இங்கே ‘பிரதர்’. எலும்பு முறிந்தால் மருத்துவர் எழுதும் ‘ஃப்ராக்சர்’, கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ‘ஃப்ரஜைல்’, கணக்குப் புத்தகத்தின் ‘ஃப்ராக்‌ஷன்’ ஆகிய மூன்றும் அந்த வினையின் பிள்ளைகள். நாம் சொல்லும் ‘பின்னம்’ என்பதும் உடைந்தது என்ற பொருளுடைய வடசொல்தான். உடைந்த சிலையைப் பின்னமானது என்கிறோம் அல்லவா? நீங்கள் பூசையில் காணும் சடங்கின் லத்தீன் பெயர் ‘ஃப்ராக்தியோ பானிஸ்’, அதாவது அப்பம் பிட்குதல்.

கேள்வி: இலங்கையிலிருந்து வந்த எங்கள் உறவினர்கள் ரொட்டியைப் ‘பாண்’ என்கிறார்கள். இது எந்த மொழிச் சொல்? – வாசகி, மண்டபம்

பதில்: போர்ச்சுகீசியச் சொல். 1505-இல் இலங்கைக் கரையை அடைந்த போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொற்களில் அதுவும் ஒன்று. மும்பையின் பாவ் பாஜியில் உள்ள ‘பாவ்’ அதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் தாய் மேலே சொன்ன ‘பானிஸ்’, அதாவது லத்தீனில் ரொட்டி.

அந்தப் ‘பானிஸ்’ ஆங்கிலத்துக்குள் வேறு வழியாக, பிரெஞ்சு மூலம் நுழைந்தது. கூட என்ற பொருளுடைய ‘கொம்’ முன்னே சேர, உடனிருந்து ரொட்டி உண்பவன் ‘கம்பானியன்’ ஆனான்; அப்படிக் கூடியவர்களின் கூட்டம் ‘கம்பெனி’. பிற்காலத்தில் வணிகக் கூட்டுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. 1795-இல் இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிய கும்பினியாரின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியாரின், பெயருக்குள்ளும், இன்று உங்கள் கரையில் எடைபோட்டு இறால் எடுக்கும் கம்பெனியின் பெயருக்குள்ளும் ஒரு ரொட்டித் துண்டு கிடக்கிறது. கும்பினியார் யாரோடும் பகிர்ந்து உண்டதாகச் சேதுநாட்டார் சொல்லமாட்டார்கள் என்பது வேறு செய்தி. ரயிலின் ‘பேன்ட்ரி’யும் முதலில் ரொட்டி வைக்கும் அறைதான்.

‘ஹ்லாஃப்’ வழிவந்த குடும்பம் இதைவிடச் சுவையானது. ரொட்டியைக் காப்பவன் ‘ஹ்லாஃப்வெயார்ட்’, அதுவே ‘லார்டு’. மாவு பிசைபவள் ‘ஹ்லாஃப்டியே’, அதுவே ‘லேடி’. பிரபுவும் சீமாட்டியும் பிறந்த இடம் அடுக்களை என்று இதைக் கொள்ளலாம்.

கேள்வி: காலை உணவைப் ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்பது நோன்பு திறப்பதையா குறிக்கிறது? – வாசகர், கீழக்கரை

பதில்: ஆம். ‘ஃபாஸ்ட்’ என்றால் உண்ணாதிருத்தல். இரவு முழுவதும் இருந்த அந்த நோன்பைக் காலையில் முறிப்பதால் அந்தப் பெயர். பலர் அறியாதது, ‘டின்னர்’ என்ற சொல்லும் அதே பொருளிலிருந்து வந்தது என்பதுதான். நோன்பை விடுதல் என்னும் லத்தீன் வினை பிரெஞ்சில் தேய்ந்து, நாளின் முதல் உணவைக் குறித்து, பிறகு நண்பகலுக்கும் இரவுக்கும் தள்ளிப்போயிற்று. ‘இஃப்தார்’ என்பதன் அரபு வேருக்கும் பிளத்தல் என்ற பொருள் உண்டு. ஆங்கிலம் முறிப்பதையும் அரபு பிளப்பதையும் உங்கள் ஊரார் கஞ்சிக் கோப்பையோடு திறக்கிறார்கள்.

கேள்வி: ‘பேங்க்ரப்ட்’ என்பதில் உடைவது எது? – வாசகர், இராமேசுவரம்

பதில்: பலகை. இத்தாலியில் பணம் மாற்றுவோர் அமர்ந்த பலகையே ‘பாங்கா’. ‘ரொத்தா’ என்றால் உடைந்தது. நொடித்தவரின் பலகையை ஊரார் அடித்து உடைத்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. சொல்லின் பொருளைப் பார்த்துப் பின்னால் கட்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது.